நாற்காலியில் மட்டும் பேசிய அண்ணன்

லெம்விக் ஊர்ப் பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று ஊசியில் மருந்து ஏற்றிக் கொடுப்பதும், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும் ஹெர்டிஸின் வேலை. ஐம்பதைத் தாண்டியவள். கை சுத்தம், பேச்சில் மட்டும் கொஞ்சம் காரம். ஊரில் பாதிப் பேரின் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கூடப் பிறந்த அண்ணன் தோர்வால்டின் வாய் மட்டும் அவளிடம் திறந்து பல வருஷம் ஆகியிருந்தது.

தோர்வால்ட் மீன்பிடிப் படகுக்காரன். அதற்கும் மேலே மிஷன் வீடு என்கிற கண்டிப்பான ஜெபக் கூட்டத்து ஆள். ஜட்லாந்தின் அந்த மேற்குக் கரையில் மிஷன் வீட்டு ஆட்கள் என்றால் சீட்டு கிடையாது, சாராயம் கிடையாது, ஆட்டம் பாட்டம் கிடையாது. மீன் துறைமுக வாசலில் வந்து துள்ளினாலும் ஞாயிற்றுக்கிழமை படகு நகராது. ஹெர்டிஸ் கட்டிய புருஷனை விட்டுவிட்டு லாரி ஓட்டும் பிரெபெனோடு குடிபோன நாளிலிருந்து அண்ணன் அவளைத் திட்டவில்லை, சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்தினான், அவ்வளவுதான். ரொட்டிக் கடையில் எதிரே வந்தால் தொப்பியைத் தொடுவான். அதுகூடப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்காக.

“நாலு வார்த்த திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்” என்பாள் பிரெபெனிடம்.

“உங்கண்ணன் கல்லுல செஞ்ச ஆளு. விட்டுத் தள்ளுடி.”

விட்டுத் தள்ள அவளால் முடியவில்லை. அண்ணன் வீட்டு மேசையில், நாலு பேரோடு பேராக உட்கார்ந்து, ஒரு கோப்பை காபி குடிக்க வேண்டும். இதுதான் அவளுடைய ஆசை. இதற்கு மேல் ஒன்றும் இல்லை. யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதும் இல்லை.

நவம்பரில் ஒரு புயல். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. தோர்வால்ட் கன்னம் வீங்கி வந்து சேர்ந்தான். கூடவே பெண்டாட்டி அக்னீத. ஊரில் வேறு பல் டாக்டர் இல்லை, இருந்திருந்தால் இங்கே வந்திருக்க மாட்டான். அக்னீத வெளியே உட்கார்ந்து பின்னல் ஊசியை எடுத்தாள். அவன் உள்ளே வந்து தங்கச்சியைப் பார்க்காமலே நாற்காலியில் சாய்ந்தான்.

டாக்டர் மால்தே தலைநகர் கோபன்ஹேகன்காரன், சின்ன வயசு, அந்தக் கோடையில்தான் ஊருக்கு வந்தவன். “வலி எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

“இதவிட மோசமா இருந்திருக்கலாம்.”

“அப்படின்னா ராத்திரி பூரா தூங்கலன்னு அர்த்தம்” என்றாள் ஹெர்டிஸ். அந்தக் கரையில் யாரும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். மூட்டு கழன்றாலும் ‘பரவால்ல’தான். வெளியூர் டாக்டருக்கு இதையெல்லாம் அவள்தான் எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

கீழ்க் கடைவாய்ப் பல், வேர் வரைக்கும் சீழ். சீழ் பிடித்த பல் மரப்பு ஊசிக்கு லேசில் மசியாது. ஒரு குப்பி போட்டுப் பத்து நிமிஷம் பொறுத்து மால்தே இடுக்கியை வைத்தான். அண்ணனின் கால் கட்டைவிரல் சாக்ஸுக்குள் சுருண்டது.

“மரத்துச்சா?”

“மரத்துரும்.”

“இன்னும் ஒண்ணு குடுங்க ஹெர்டிஸ்.”

கொடுத்தாள். அப்புறம் இன்னும் ஒன்று. அதற்கப்புறமும். தோர்வால்ட் வலை காயப்போடும் கழி மாதிரி ஒல்லி. உடம்பு எடைக்குத் தக்கபடிதான் மருந்து, அந்தக் கணக்கு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. ஊசியில் ஏற்றிக் கொடுக்கிறவர்கள் இதுவரை போனது எவ்வளவு என்று உரக்கச் சொல்ல வேண்டும், அது அங்கே வழக்கம். அன்றைக்கு ஹெர்டிஸ் சொல்லவில்லை. ஏனென்றால் அண்ணன் பேச ஆரம்பித்துவிட்டான்.

“ஏ ஹெர்டிஸ், உன் கையில அந்தத் தழும்பு இருக்கா?”

“இருக்குண்ணே.”

“சின்னதுல தூண்டில் கொக்கிய வீசுனது நான்தான். நீ அப்பாகிட்ட சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா தோல உரிச்சிருப்பாரு.”

“வாய மூடுங்கண்ணே… ஐயோ, இல்ல, தொறங்க!”

தோர்வால்ட் சிரித்தான், தோள் குலுங்கச் சிரித்தான். அப்புறம் நிறுத்தவே இல்லை. அம்மா செய்யும் ஈல் மீன் வறுவல், முதல் படகில் வாந்தி எடுத்த கதை, பாதிரியாரின் கோணல் மூக்கு என்று ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டினான்.

மால்தேயும் சிரித்துவிட்டான். “ஜாலியான ஆளா இருக்காரே உங்கண்ணன். எப்பவும் இப்படித்தானா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இந்த மனுஷன் வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச்சு நின்றுவிடுமே. அதோடு, கூடப் பிறந்தவனே தன்னோடு பேசுவதில்லை என்பதை வெளியூர்க்காரனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

“ஆமா. எப்பவும் இப்படித்தான்” என்றாள்.

ஆஸ்பத்திரியில் வருஷா வருஷம் அவசர சிகிச்சைப் பயிற்சி நடக்கும். பொம்மையைக் கிடத்தி, இறால் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே எல்லோரும் கேட்பார்கள். மரப்பு மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறினால் மூளையில்தான் முதலில் காட்டும். சிலர் குடித்தவர்கள் மாதிரி வளவளவென்று பேசுவார்கள். அப்போதே நிறுத்திவிட வேண்டும். மால்தேவுக்கும் இது தெரியும். ஆனால் அவன் இந்த ஆளை அன்றைக்குத்தான் பார்க்கிறான். இது அண்ணனின் சுபாவம் இல்லை என்று அந்த அறையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

“ஞாயித்துக்கெழம காபிக்கு வா. அந்த லாரிக்காரனையும் இழுத்துட்டு வா, கடிச்சா தின்னுருவோம்? அக்னீத கேக்கு செய்வா.”

ஹெர்டிஸுக்குக் கண் மறைத்தது. மால்தே கை நீட்டினான். அவள் அடுத்த குப்பியை ஏற்றிக் கொடுத்தாள்.

அது பாதி போயிருக்கும். “வாயில என்னமோ… இரும்ப நக்குன மாதிரி…” என்றான் தோர்வால்ட். நாக்கு தடித்துக் குழறியது. உதடு ஒரு பக்கம் வெட்டி இழுத்தது.

“ஊசிய எடுங்க! மால்தே, எடுங்க!”

எடுப்பதற்குள் உடம்பு விறைத்து வலிப்பில் வெட்ட ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு தப்பும் நடக்கவில்லை. நாற்காலியைத் தட்டையாக்கினார்கள், கருவித் தட்டைத் தூரத் தள்ளினார்கள். வெட்டுகிற கை காலை அமுக்காமல், தலை இடிபடாமல் மட்டும் பிடித்து, ஒருக்களித்துப் போட்டு, வாயில் இருந்ததை உறிஞ்சி எடுத்து, ஆக்ஸிஜன் முகமூடியை வைத்தார்கள். மால்தே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். நீலம் பாரித்த உதடு மெல்லச் சிவந்தது. சத்தம் கேட்டு அக்னீத வாசலுக்கு வந்தபோது புருஷனின் கால்சட்டை நனைந்து கிடந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் நரம்பில் ஊசி ஏற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆள் பிழைத்துக்கொண்டான்.

“நாம சரியாத்தான் செஞ்சோம்” என்றான் மால்தே, கையைக் கழுவிக்கொண்டே. “அவர் அவ்வளவு பேசுனப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. நீங்கதான் எப்பவும் இப்படித்தான்னு…”

அவன் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

தோர்வால்ட் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பிரெபெனுக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக் கூட்டிப் போனாள். கதவை அண்ணன்தான் திறந்தான். பின்னால் மேசையில் மிஷன் வீட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேக்கு வெட்டியிருந்தது.

“என்ன?”

“கூப்பிட்டீங்களேண்ணே. நாற்காலியில.”

“அது மருந்து. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல.”

“இந்தத் தழும்பப் பத்திச் சொன்னீங்க…”

அவன் கண் ஒரு தரம் அவள் கைக்குப் போய்விட்டுத் திரும்பியது. குரலைத் தணித்துக்கொண்டான். “வேற யாரு கேட்டா?”

“டாக்டரு மட்டும்தான்.”

“சரி” என்றான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

பிரெபென் லாரிக்காரன் வார்த்தை ஒன்றைத் துப்பினான்.

அந்தப் பல் இன்னும் உள்ளேதான் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் தோர்வால்ட் வேற்றூருக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தான். ரொட்டிக் கடையில் அக்னீத எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பெருமை அடித்துக்கொண்டிருந்தாள்: “அளவாப் போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு அந்த ஊரு டாக்டரு தலபாடா அடிச்சிக்கிட்டாரு. இவரு கேக்கலையே! மரப்பு ஊசியே வேணாம்னுட்டாரு. சும்மாவே பிடுங்கச் சொல்லிட்டாரு. மூச்சு விடணுமே? ஒரு சத்தம் இல்ல!”

மனுஷனின் தைரியத்தைப் பார் என்று கடையே வியந்தது. மறுபடி வாய் எதைக் கொட்டிவிடுமோ என்று பயந்துதான் அவன் அந்த வலியைத் தாங்கினான் என்பது வரிசையின் கடைசியில் நின்ற ஹெர்டிஸுக்கு மட்டும் தெரியும். ரொட்டி வாங்காமலே வெளியே வந்தாள்.