சுவரோரப் பாத்தியில் வெள்ளைப் படிவு

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்திகள். கத்தரி முடிந்தால் வெண்டை, வெண்டை முடிந்தால் கீரை என்று வருஷம் முழுக்க எதையும் காலியாக விடமாட்டேன். போன கோடையில் சுவரோரப் பாத்தியில் மண்மேல் வெள்ளையாகப் பூத்து, கீரை ஓரம் கருகியது. சுவருக்கு அந்தப் பக்கம் செல்வி வீட்டு வாஷிங்மெஷின் குழாய். சோப்புத் தண்ணீர்தான் இறங்குகிறது என்று முடிவுகட்டினேன்.

கேட்டதற்கு, "எங்க தண்ணி கால்வாய்க்குப் போவுதுக்கா, வந்து பாருங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். கால்வாய்க்குத்தான் போனது. நான் வருவேன் என்று தெரிந்து குழாயைத் திருப்பி வைத்திருப்பாள் என்று அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டேன்.

அவளை மாட்டிவிடத்தான், சுவரோரத்தில் மட்டும் கோளாறு தெரியும் என்று நான்கு பாத்தி மண்ணையும் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். சோதித்த பெண் அதிகாரி, "நாலுலயுமே உப்பு ஜாஸ்திங்க. என்ன எரு போடறீங்க?" என்றார்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில மீந்த அன்னதானத்த வாளியில கொண்டாந்து புதைப்பேங்க" என்றேன், பெருமையாக.

"சாம்பார் சாதம், ஊறுகாயோடவா?"

"ஆமாங்க."

"அப்ப உப்பு போட்டது நீங்கதான்."

பிறகு நல்ல தண்ணீர் பாய்ச்சி உப்பை வடித்தேன். அந்த வாளி இப்போது பௌர்ணமிக்கு வெளியே போவதில்லை. மாற்றி மாற்றி ஒரு பாத்தியில் தட்டைப்பயறு விதைத்து, பூவெடுத்ததும் செடியோடு மடக்கி எருவாகப் புதைக்கிறேன். மற்ற மூன்றிலும் காய்கறி நிற்காமல் வருகிறது.

தேறிய முதல் கீரையைச் செல்விக்குக் கொண்டுபோனேன். வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் கலக்கலியேக்கா?"