தழும்பு இல்லாத கட்டைவிரல்

ரேகை பொய் சொல்லாது என்று விரல்ரேகைப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களிடம் சொல்லுவோம். சரிதான். ஆனால் அது சொல்வதைப் பாதி மட்டும் கேட்டுவிட்டு ரிப்போர்ட் எழுதுகிற மடச்சி ஒருத்தி இருந்தால்? அந்த மடச்சி நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை மணல் மேட்டுக்கெல்லாம் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். சவுக்குத் தோப்பில் கூலி வேலை செய்த கன்னியம்மாளுக்குச் சொந்தமாக இருந்தது அரை ஏக்கர். அதை விற்க ஒப்புக்கொண்டு அவர் கைநாட்டு வைத்ததாக ஒரு புரோக்கர் அக்ரிமென்ட் காட்டினான். தான் விற்கவே இல்லை என்றார் அவர். கோர்ட் எங்களிடம் கேட்டது: இது இவர் ரேகைதானா?

கன்னியம்மாளின் இடது கட்டைவிரலில் மை தடவி உருட்டி எடுத்தேன். ரேகைக் கோடு ஓரிடத்தில் முடியும், ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். அந்த இடங்களைப் பாயிண்ட் என்போம். இரண்டு ரேகையிலும் அவை ஒரே வரிசையில் அமைய வேண்டும். பதினொரு பாயிண்ட் பொருந்தின. நான் எடுத்த ரேகையில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, வெட்டுத் தழும்பு. அக்ரிமென்டில் அது இல்லை. பிறகு பட்ட காயம் என்று ஒதுக்கிவிட்டு, 'ஒரே விரல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சாட்சி சொல்லப் போன அன்று செங்கல்பட்டு கோர்ட் வராந்தாவில் கன்னியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"யம்மா, நான் கை வெக்கலன்னா சொன்னேன்? பென்சனுக்குன்னு வெத்துத் தாள்ல வெக்கச் சொன்னான், வெச்சேன். அப்ப இந்த வெட்டே இல்ல."

"எப்போ வெட்டுச்சு?"

"பொங்கலுக்கு மின்னாடி. சவுக்கு கழிச்சிகினு இருந்தேன், அருவா எறங்கிடுச்சு. பெரியாஸ்பத்திரில அஞ்சு தையல். சீட்டு வூட்ல கீது."

அக்ரிமென்டில் போட்டிருந்த தேதி அந்தப் பொங்கலுக்குப் பிறகு வந்த மே மாதம். தோல் தேய்ந்தால் ரேகை திரும்ப வளரும். ஆழமாக வெட்டினால் தழும்பு சாகும்வரை போகாது. பொங்கலுக்கு முன் வெட்டுப்பட்ட விரல், மே மாதத்தில் தழும்பு இல்லாமல் எப்படிப் பதியும்?

கூண்டில் ஏறினேன். "ரேகை இவருடையதுதானே?" என்றார் புரோக்கரின் வக்கீல்.

"ஆமாம். ஆனா இந்தத் தழும்பு வர்றதுக்கு முன்னாடி வெச்சது."

"ரிப்போர்ட்ல இல்லாததைப் பேசறாங்க!" என்று வக்கீல் எகிறினார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "தழும்பை அப்பவே பாத்தீங்களா?"

"பாத்தேன் ஐயா."

"ஏன் எழுதலை?"

"அக்ரிமென்ட் தேதியோட சேத்துப் பாக்கலை. தப்பு என்னோடது."

அடுத்த வாய்தாவுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டும் பதிவேடும் வந்தன. அக்ரிமென்ட் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. எனக்கு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன், கிடைக்க வேண்டியதுதான்.

தீர்ப்பன்று கன்னியம்மாள் என்னைக் கும்பிடுவார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன். அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் என் எதிரே வந்து நின்றார்.

"அன்னிக்கு என் கையப் புடிச்சு, மை தடவி, அம்மாம் நேரம் உருட்டினியே. இந்த வெட்டு இன்னான்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை, யார் விரலையும் விசாரிக்காமல் நான் மை தொட்டதில்லை.