சட்டைக்கு ஊற்றிய குடிதண்ணீர்

சாயப்பட்டறைக் கழிவு எங்கள் ஊர் போர் தண்ணீரிலும் கலந்துவிட்ட காலம் அது. அதில் துவைத்தால் வெள்ளைத் துணி சிவந்துவிடும். ஆறாவது படித்த என் மகளை, யூனிஃபார்ம் சட்டை வெள்ளையாக இல்லையென்று வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். பனியன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு டீச்சரைப் பார்க்கப் போனேன்.

“அழுக்கு இல்லீங்க டீச்சர். எங்க தண்ணியே அப்படித்தானுங்க.”

“எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ரூல்தானுங்க. நாளைக்கும் இப்படி வந்தா உள்ள விட முடியாதுங்க.”

லாரித் தண்ணீர் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. குடிக்க வைத்திருந்த கடைசிக் குடத்தை ஊற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டு அலசினேன். சட்டை வெளுத்தது.

மறுநாள் சாயங்காலம் மகள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“இன்னிக்கு உள்ள உக்கார வெச்சாங்கம்மா. தண்ணி குடு.”

குடம் காலி என்றேன். பக்கத்து வீடுகளிலும் இல்லை. சட்டையில் சிந்தினால் கறையாகிவிடும் என்று அவள் முதலில் உடை மாற்றிக்கொண்டாள். பிறகு போர் குழாயைத் திறந்து இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தாள்.

நான் தடுக்கவில்லை. தடுத்தால் கொடுக்க வேறு தண்ணீர் இல்லை. அன்றைக்கு வேறென்ன செய்திருக்கலாம் என்று இன்றும் யோசிக்கிறேன். ஒன்றும் தோன்றுவதில்லை.