பாதி முகத்தில் நுரை

நாட்டில் காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, கரண்டும் நினைத்த நேரம் போய்விடும் என்று எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டிருந்த காலத்தில், நான் மட்டும் குளியலறைக்குள் ஆடிக்கொண்டிருந்தேன். காரணம் ஒரு சவர்க்காரம். சார்ஜ் இல்லாமல் என் ட்ரிம்மர் செத்துக் கிடந்தது. அமுக்கினால் நுரை வருகிற டப்பா எந்தக் கடையிலும் இல்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் தட்டின் பின்னால் கையை விட்டு, தூசி படிந்த ஒரு வட்டச் சேவிங் சவர்க்காரத்தையும் ஒரு பிரஷ்ஷையும் எடுத்து, "மல்லி, மேக்க அரன் பலன்ன" என்று, தம்பி இதைக் கொண்டுபோய்ப் பார் என்று சிங்களத்தில் சொல்லி நீட்டினார். கொண்டுபோய்ப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

நனைத்த பிரஷ்ஷைச் சவர்க்காரத்தில் வட்டமாகச் சுழற்றினால் முதலில் பாத்திரம் கழுவுகிற நுரைதான் வரும். பெரிய பெரிய குமிழி. அங்கேதான் பலபேர் ஏமாந்துபோகிறார்கள். விடாமல் சுழற்ற வேண்டும். சளக் சளக் என்ற சத்தம் மெல்ல அடங்கும். குமிழிகள் எல்லாம் போய், கேக்குக்கு ஐசிங் போடுகிற பதத்தில் ஒன்று பிரஷ்ஷில் திரண்டு நிற்கும். அதைக் கன்னத்தில் வைத்ததும் உடம்பெல்லாம் கூசிச் சிரிப்பு வந்தது. அம்மா கதவில் தட்டி, உள்ளே யாருடன் கதைக்கிறாய் என்று கேட்டார்.

பிறகு கரண்ட் வந்தது, டப்பாவும் வந்தது. எனக்கு மட்டும் தெளியவில்லை. ஹெவ்லொக் டவுனில் எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துக் கதிரைக்காரியிடம் இந்த நுரையைப் பற்றி ஒருநாள் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் பார்சலை மூடி வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மறுநாள், அந்தக் கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த வருடம் முடிவதற்குள் அவளைத்தான் கட்டுவது என்று நான் முடிவெடுத்துவிட்டேன். அவளும் எடுத்துவிட்டாள். மிச்சம் இருந்தது அவளுடைய அப்பா.

அவர்கள் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு ஃபிளாட்டில் இருந்தார்கள். சைவக் குடும்பம், ஒரே பிள்ளை. நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன். அவளுடைய அம்மாவைக் கரைத்தாயிற்று. அப்பா மட்டும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பெடியனை வரச்சொல்லு, ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். அவர் இல்லை என்றால் அவள் வரமாட்டாள். அதை அவள் அழுதுகொண்டு சொன்னாள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு ஒரு எச்சரிக்கையும் தந்தாள்.

"அப்பாவோட என்ன வேணுமெண்டாலும் கதையுங்கோ. சவர்க்காரம் மட்டும் வேண்டாம்."

அந்த மாதம் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார். வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒரு சலூன் இருக்கிறது. ஆனால் மனிதர் எதற்குள்ளும் கால் வைக்கமாட்டார். தன் கழுத்தில் இன்னொருவன் பிளேட்டை வைப்பதற்கு அவர் ஆயுளில் இடம் கொடுத்ததில்லையாம். மனைவிகூடத் தொடக்கூடாதாம். தாடி முள்ளாக வளர்ந்து நிற்கிறது, அதனால் கோபமும் வளர்ந்து நிற்கிறது, பார்த்து நடவுங்கோ என்று அவள் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கிளம்பினேன். என் அம்மா என் கையில் ஒரு லவ் கேக் பெட்டியைத் திணித்து, பெயரைக் கேட்டால் வெறும் கேக் என்று சொல் என்றார். கொழும்பு ட்ரஃபிக்கை நம்பி நேரத்தோடு பஸ் ஏறினேன். அன்றைக்கென்று வெள்ளவத்தைக்குப் போகிற காலி வீதி வெறிச்சோடிக் கிடந்தது. பஸ்காரன் எங்கேயும் நிற்காமல் பறந்தான். வெள்ளவத்தையில் இறங்கும்போது பத்து மணிகூட ஆகவில்லை. வெயிலில் நின்றால் வியர்த்துவிடும், வியர்த்தால் சட்டை கெட்டுவிடும் என்று யோசித்து, மேலே போய் மணியை அடித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கதவைத் திறந்தது அப்பா. சாரம், பெனியன், வலக்கை மாவுக்கட்டைச் சுற்றி ஒரு ஷொப்பிங் பை. இடது கன்னம் வழிக்கப்பட்டு, இரண்டு இடத்தில் இரத்தப் பொட்டு. வலது கன்னத்தில் நுரை. எனக்காக, என் முன்னால் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காக, மனிதர் இடக்கையால் சேவ் எடுக்கத் துணிந்திருந்தார்.

"தம்பி, நீர் பதினொரு மணிக்கெல்லோ வாறதெண்டது?"

ரோட்டில் வாகனம் இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் கேக் பெட்டியைப் பார்த்தேன். அம்மாவும் மகளும் பகல் சாப்பாட்டுக்கு மரக்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். அவர் என்னைச் சாப்பாட்டு மேசையில் இருத்திவிட்டு, அதன் பக்கத்திலேயே சுவரில் இருந்த முகம் கழுவுகிற பேசினுக்கும் கண்ணாடிக்கும் திரும்பினார். ஆக நான் கண்ணை மூடினால் ஒழிய அவர் சேவ் எடுப்பதைப் பார்த்தே ஆகவேண்டும்.

ஐயோ, அந்த நுரை! பிரஷ் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பெரிய பெரிய குமிழி, பூசப் பூச வழிந்து கழுத்துக்கு ஓடியது. மேலே மின்விசிறி வேறு முழு வேகத்தில். நான் மேசைவிரிப்பின் பூக்களைப் பார்த்தேன். சுவரில் இருந்த பிள்ளையார் கலண்டரைப் பார்த்தேன். அவள் சொன்னதை மனதுக்குள் செபம்போலச் சொன்னேன். ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்பதில்லை.

"தண்ணி கூடிப்போச்சு, அங்கிள்."

பிரஷ் நின்றது. கண்ணாடிக்குள் இருந்து அவர் என்னைப் பார்த்தார்.

"நீர் பிறக்க முந்தியே நான் சேவ் எடுக்கத் தொடங்கீற்றன்."

"அது வலக்கையால, அங்கிள்."

செத்தேன் என்று நினைத்தேன். கலியாணம் போயிற்று, இனிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான். அவர் தன் இடக்கையைப் பார்த்தார். கையில் இருந்து நுரை தரையில் சொட்டியது. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அப்ப நீர்தான் நுரையை அடியும் பாப்பம் என்று பிரஷ்ஷை நீட்டினார்.

முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தினேன். காற்றுக்கு நுரை காய்ந்துவிடும் என்று சொன்னேன். பிறகு பிரஷ்ஷை அலசி உதறி, சவர்க்காரத்தில் சுழற்றி, சத்தம் அடங்கும்வரை விடவில்லை. அதன்பின் என்னை யார் பிடிப்பது? கன்னம், தாடை, கழுத்து, காதடி என்று பூசிக்கொண்டே போனேன். பூசி முடித்துப் பார்த்தால் எதிரே திருநீற்றுக் குறியும் வெள்ளைத் தாடியுமாக ஒரு நத்தார் பாப்பா இருந்தார். சிரிப்பை அடக்கக் கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்தேன். அவரோ கண்ணாடியில் முகத்தை அங்கேயும் இங்கேயும் திருப்பி, பதம் சரிதான் என்றார்.

இடக்கையால் ரேசரை எடுத்து ஒரு தரம் இழுத்தார். இன்னொரு இரத்தப் பொட்டு. பிறகு ரேசரைக் கழுவி, பிடிப்பக்கத்தை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

என் நேர்முகப் பரீட்சை அப்படித்தான் தொடங்கியது. பிளேட் கன்னத்தில் இருக்கும்போது அவரால் வாய் திறக்க முடியாது. நான் ரேசரைக் கழுவுகிற நேரத்தில் சட்டென்று ஒரு கேள்வி கேட்பார். நான் வழித்துக்கொண்டே பதில் சொல்வேன். மறுத்துப் பேச வழியில்லை. என்ன வேலை, நிரந்தரமா என்றார். நிரந்தரம் என்று காதடியை எடுத்தேன். வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்றார். அம்மா கேக் தந்துவிட்டிருக்கிறார் என்று கன்னத்தை எடுத்தேன். இவ்வளவு வசதியாக எந்த மாப்பிள்ளையும் மாமனாரோடு கதைத்திருக்கமாட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கன்னம் முடிந்தது. கழுத்து மட்டும் மிச்சம். நான் ரேசரைக் கழுவினேன். அவர் இந்த முறை அவசரப்படாமல் கேட்டார்.

"பிள்ளையை உங்கட சமயத்துக்கு மாறச் சொல்லுவீரோ?"

இதற்கு வழித்துக்கொண்டே பதில் சொல்ல மனம் வரவில்லை. ரேசரைக் கீழே வைத்தேன்.

"இல்லை, அங்கிள். அவ கோயிலுக்குப் போகேக்க நானும் போவன். வெளியில நிண்டு செருப்பைப் பாத்துக்கொள்ளுவன்."

அவர் தோள் குலுங்கியது. நுரைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன், நன்றாக, வயிறு நோகச் சிரித்தேன். அடங்கியதும் அவர் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை என்னிடம் தந்தார்.

அந்த நேரம் எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. மகளுக்காக அல்ல, அவருக்காகவே. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எடுத்தேன். பாதிக் கழுத்தில் இருக்கும்போது சாவி திரும்பியது. அம்மாவும் மகளும் மரக்கறிப் பைகளோடு வாசலில். அவர்கள் கண்டது இதுதான்: அப்பாவின் தலை பின்னால் கிடக்கிறது, கண் மூடியிருக்கிறது, கொட்டாஞ்சேனைப் பெடியன் கழுத்தில் பிளேட்டோடு நிற்கிறான். அம்மாவின் பையிலிருந்து எலுமிச்சம்பழங்கள் உருண்டு மேசைக்குக் கீழே ஓடின. அவள், சவர்க்காரம் கதைக்க வேண்டாம் என்று சொன்னேனே என்று ஈனக்குரலில் சொன்னாள். அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"கதவைச் சாத்துங்கோ. காத்துக்கு நுரை காயுது."

முடித்தேன். அவர் முகம் கழுவி, படிகாரக் கல்லைப் பொட்டுகளில் ஒற்றி, இடது உள்ளங்கையால் கன்னத்தை மேலேயும் கீழேயும் தடவிப் பார்த்தார். அவள் கதவுப் பிடியை இன்னும் விடாமல் நின்றாள். அவர் விரல் தாடைக்குக் கீழே ஒரு இடத்தில் நின்றது. முகம் சுருங்கியது.

"இந்த இடத்தில கொஞ்சம் நிக்குது."

அவர் முகம் துடைத்த துவாயை மடித்துக் கதிரையில் போட்டார்.

"பரவாயில்லை. வாற ஞாயிறும் வருவீர்தானே, அப்ப எடும்."

அம்மா கேக் பெட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். அவள் மேசையடியில் வந்து குந்தி, எலுமிச்சம்பழம் பொறுக்குகிற சாட்டில் அழுதாள். நானும் பொறுக்கக் குனிந்தேன்.

தாடைக்குக் கீழே அந்த இடத்தில் ஒரு முடிகூட இருக்கவில்லை. எனக்குத் தெரியாதா? எடுத்தவன் நான்.