காவல் இருந்த தம்பி

இந்தியர் கை ஓங்கிவிட்டதென்று ராணுவம் எங்கள் தீவின் ஆட்சியைப் பிடித்த அந்த வருஷம் வட்டுகோலாவில் எங்கள் ஆட்களில் பயப்படாதவர் ஒருவருமில்லை. அப்பா தங்கச் சுரங்கத்தில் ஃபிட்டர். சுரங்கத்தார் கொடுத்த வீட்டில் அப்பா, அம்மா, நான், தம்பி. ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் குசுகுசுவென்று பேசுவோம். பக்கத்துத் தெருக்காரர்கள் கட்டில் பீரோ எல்லாவற்றையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வெளிநாடு போனார்கள். நாங்களும் குடியேற்ற அனுமதிப் பேப்பருக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம்.

தம்பிக்குப் பதினெட்டு வயது. வாய் ஓயாதவன், கால்பந்து, சினிமா என்று ஊர் சுற்றுகிறவன். அவன்தான் முதலில் ஜன்னல்களுக்குப் போர்வை கட்டினான். நண்பர்கள் வந்தால் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னான். பரீட்சைப் புத்தகம் நாள் முழுக்க ஒரே பக்கத்தில் திறந்து கிடந்தது. தூங்காமல் கதவோரம் உட்கார்ந்திருந்தான்.

"வீட்டுக்குக் காவல் இருக்கான். பையனுக்குப் பொறுப்பு வந்துருச்சு" என்று அப்பாவுக்கு ஒரே பெருமை.

ரேடியோவில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான் ஒருநாள். எங்களைப் பற்றித்தானே நாடே பேசிக்கொண்டிருந்தது! எங்கள் யாருக்கும் அது விபரீதமாகப் படவில்லை.

பிறகு அம்மா போட்ட சோற்றை முகர்ந்துவிட்டுத் தள்ளினான். குளிப்பதை விட்டான். யாரோ பதில் சொல்வது போல நிறுத்தி நிறுத்தித் தனியாக முணுமுணுத்தான். அம்மா அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தாள்.

"அம்மன் கூப்பிடுறா. தீமிதிக்குக் காப்புக் கட்டிரலாம். நம்ம பேப்பரும் சீக்கிரம் வந்துரும்."

பக்கத்து ஊரான தவுவாவில் அம்மன் கோயிலில் மஞ்சள் வேட்டி கட்டி உட்கார வைத்தார்கள். காப்புக் கட்டியவன் வீட்டுக்குப் போகக்கூடாது, அதிகம் பேசக்கூடாது, ஒதுங்கியிருக்க வேண்டும். அவன் ஏற்கெனவே அப்படித்தானே இருந்தான். இவனைப் போல விரதம் இருக்க யாரால் முடியும் என்று கோயிலே மெச்சியது.

தீமிதியன்று மேளம் முழங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு கரும்புக் காட்டுக்குள் ஓடினான். தேடிப் பிடித்த அப்பாவையே ராணுவத்து ஆள் என்று அடித்தான். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எத்தனை நாளாக இப்படி இருக்கிறான் என்று டாக்டர் கேட்டார்.

"பட்டாளம் வந்ததுலேருந்து" என்றாள் அம்மா. "ஆனா எல்லாரும் அப்படித்தானே டாக்டர் இருக்கோம்?"

அவர் கோபப்படவில்லை. பயந்த நீங்களெல்லாம் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டீர்கள், இவன் உங்களை விட்டே விலகிப் போயிருக்கிறானே, அதைக் கவனித்திருக்கலாம், இன்னும் முன்னாலேயே கூட்டி வந்திருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

பேப்பர் வந்தது. மருத்துவப் பரிசோதனையைக் காட்டித் தம்பிக்கு மட்டும் மறுத்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் அவனோடு நின்றுகொண்டார்கள். "நீயாவது போ" என்று என்னைப் பிடித்துத் தள்ளாத குறைதான்.

நாந்தி விமான நிலையத்துக்கு அவனும் வந்தான். மருந்தில் முகம் ஊதியிருந்தது, பேச்சு நிதானப்பட்டிருந்தது. தீவில் எங்கள் ஆட்களுக்கெல்லாம் பொதுவான, நாங்கள் இருவரும் எப்போதும் பேசும் ஹிந்தியில்தான் கேட்டான்.

"அக்கா, எல்லாரும்தானே பயந்தீங்க? உங்களுக்கெல்லாம் போயிருச்சு. எனக்கு மட்டும் ஏன் போகல?"

நான் கீழே வைத்திருந்த பையை அவனே எடுத்து என் தோளில் மாட்டிவிட்டு, "போ, நேரமாச்சு" என்றான்.