சண்டைக்கு விசில் அடித்த அக்கா

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அவளுடைய விசில்தான். கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலை ஜங்ஷனுக்குச் சற்றுத் தள்ளி இருந்த தியேட்டரில், பெண்கள் பகுதியின் மர பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையில் கதாநாயகன் ஒருவனைத் தூக்கிக் கண்ணாடிக் கதவின்மேல் எறிந்தான். அக்கா இரண்டு விரல்களை மடக்கி நாக்குக்கு அடியில் வைத்து ஊதினாள். கொட்டகை முழுவதையும் குத்திக்கொண்டு போன சத்தம் அது. தங்கள் கூட்டத்தில் எவனோ அடித்தான் என்று எண்ணி ஆண்கள் பதிலுக்கு விசில் அடித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்ததும் சிரிப்பும் ஒரு கெட்ட வார்த்தையும் வந்தன. அக்கா திரும்பவில்லை. திரையில் அடி வாங்கி விழுந்தவன் எழுந்து வந்தான். அவள் மறுபடியும் விரல்களை வாய்க்குக் கொண்டுபோனாள்.

அவள் என் கூடப்பிறந்தவள் இல்லை. ஜங்ஷனில் தையல்கடை வைத்திருந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், படிப்பு நின்றபிறகு நான் அங்கே காஜா எடுக்கவும் கொக்கி வைக்கவும் வேலைக்குச் சேர்ந்தேன். கொல்லயிலில் தென்னந்தோப்புக்கு நடுவே அவளுடைய வீடு. பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். அப்பா இறந்துவிட்டிருந்தார், அம்மாவும் இரண்டு அண்ணன்களும் இருந்தார்கள். மூத்தவர் சபைக் கமிட்டியில் இருந்தார், இளையவர் லாரி ஓட்டினார். முப்பதை நெருங்கியும் அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கடைச் சுவரில் பிளவுஸ் மாடல்களுக்கு நடுவே திரையில் அந்தக் கதாநாயகனாக வந்த தமிழ் நடிகரின் படம் ஒன்றை அவள் ஒட்டி வைத்திருந்தாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார்கள். அந்த முகத்தில் மயங்கித்தான் இவள் கட்டாமல் நிற்கிறாள் என்பது ஊரின் முடிவு. அவளோடு படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், காதல் பாட்டு தொடங்கினால் அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள். சண்டை தொடங்கும் முன் திரும்பி வந்துவிடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அந்த நடிகருக்கு எங்கள் பக்கத்தில் ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. அதன் செயலாளர் வெள்ளறடைப் பக்கம் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுகிறவர். எங்களுக்கு அவர் பெயரே செயலாளர்தான். பெரிய உடம்பு, காடு போல் தாடி. அவர் சாலையில் வந்தால் தாய்மார்கள் பெண்பிள்ளைகளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுப்பார்கள். மன்றத்துக்காரன் என்றால் குடிப்பான், இருக்கையைக் கிழிப்பான், பெண்ணைக் கண்டால் விடமாட்டான் என்று எல்லாரும் நம்பினார்கள். இருக்கையைக் கிழித்தவர்கள் உண்டு, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் செயலாளரை எனக்கு வேறு விதமாகத் தெரியும். திரையில் தங்கை செத்தால் அவர் தோள் குலுங்கும். இடைவேளை விளக்கு எரிவதற்குள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கரகரத்த குரலில் யாரையாவது அதட்டுவார். அப்படி ஒருமுறை அக்கா அவரைப் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

மகளிர் பிரிவு வேண்டும் என்று அக்கா கேட்டபோது மன்றத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. கொடி தைத்துக் கொடுத்தால் போதாதா என்றார்கள். செயலாளர்தான் அவர்கள் வாயை அடைத்தார். “கொடி தைக்கதுக்கு பெண்ணுங்க வேணும், படம் காணதுக்கு வேண்டாமா?” என்றார். அடுத்த படம் வெளியாகும் நாளில் ஆண்களே நிரம்பிவிடும் முதல் காட்சிக்கும் பெண்கள் பகுதியைப் பெண்களுக்கே ஒதுக்குவதாகத் தியேட்டர்காரரிடம் பேசி முடித்ததும் அவர்தான்.

படம் வெளியான அன்று காலையில், முந்திரி ஆலையான அண்டியாபீஸில் வேலை பார்க்கும் பெண்கள் முந்திரிக்கொட்டைக் கறை படிந்த விரல்களோடு லீவு போட்டுவிட்டு வந்தார்கள். பெண்கள் வரிசை நிற்கும் இடம் சுவருக்கும், அழி என்று நாங்கள் சொல்லும் இரும்புக் கம்பித் தடுப்புக்கும் நடுவே ஆள் திரும்ப முடியாத ஒரு சந்து. ரசிகைகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மன்றத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு கூட்டம் வேடிக்கை பார்க்க வந்து அழிக்கு வெளியே நின்றது. பாட்டுப் பாடியது, பெயர் வைத்தது. சினிமாக்காரனுக்கு ஓடி வருகிறவள் யாருக்கும் ஓடி வருவாள் என்பது அவர்கள் கணக்கு. அவர்களில் ஒருவன் அழி வழியாகக் கையை நீட்டி, எனக்கு முன்னால் நின்ற அண்டியாபீஸ் பெண்ணின் மார்பைப் பிடித்துக் கசக்கினான். அவள் கத்தக்கூட இல்லை, மூச்சை இழுத்து அப்படியே நின்றுவிட்டாள். அக்கா அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கம்பியின்மேல் வைத்து முழு உடம்பாலும் முறித்தாள். காய்ந்த மட்டை ஒடிவது போல் ஒரு சத்தம் கேட்டது.

அதன்பிறகு கல் வந்தது, சோடா பாட்டில் வந்தது. அழியைப் பிடித்து ஆட்டினார்கள். ஒரு பெண்ணின் காது கிழிந்து கம்மலோடு தொங்கியது. போலீஸ் வந்து, கல்லெறிந்தவர்கள் ஓடிவிட்டதால் ஓட முடியாத எங்களை அடித்தது. சந்துக்குள் குவிந்து கிடந்த எங்கள்மேல் லத்தி விழுந்துகொண்டிருந்தபோது, செயலாளர் அழியின்மேல் ஏறி உள்ளே குதித்தார். சுவரில் ஒரு கையும் அழியில் ஒரு கையும் ஊன்றி, போலீசுக்கு முதுகைக் காட்டி எங்களை மறைத்து நின்றார். அவர் முகம் எங்களைப் பார்த்து இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவர் கண் மூடித் திறந்தது. கடைசி அடி தலையில் விழுந்தது. சரிந்தவரை அக்கா மடியில் கிடத்தி, தான் தைத்த கொடியைக் கிழித்துத் தலையைச் சுற்றிக் கட்டினாள். ஆட்டோ வரும்வரை அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

நாங்கள் அடி வாங்கியதைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை. மடியைப் பற்றித்தான் பேசினார்கள். வேற்று மதத்து ரவுடி ஒருவன் நடுரோட்டில் அவள் மடியில் படுத்திருந்தான் என்று அன்றைக்கே கொல்லயில் வீட்டுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

மறுநாள் உச்சிவேளையில் அண்ணன்கள் கடைக்கு வந்தார்கள். மூத்தவர் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் முடியைக் கையில் சுற்றி அவள் முகத்தைத் தையல் மெஷினின்மேல் மோதினார். நான் குறுக்கே போனேன். இளையவர் என்னைத் துணி அலமாரியின்மேல் தள்ளினார். மூத்தவர் மறுபடியும் அவள் முகத்தை மோதினார். முன்பல் ஒன்று உடைந்து யாருடைய கல்யாண பிளவுஸிலோ விழுந்தது. மூத்தவருக்கு மூச்சு வாங்கியது. “கூத்தாடிக்க பின்னால போனது காணாதுன்னு ஒருத்தனை மடியிலயும் கிடத்தியாச்சு. இனி நான் சபையில எப்பிடி நிக்கது?” என்றார். அக்காவின் வாயிலிருந்து ரத்தம் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

சரியாக அந்த நேரத்தில்தான் செயலாளர் தலையில் கட்டோடு வெள்ளறடை பஸ்ஸிலிருந்து இறங்கினார். அடிபட்ட பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்க வந்தவர். இளையவர் அவரைப் பார்த்தார். வெளியே நிறுத்தியிருந்த லாரியிலிருந்து வெட்டுகத்தியை எடுத்துக்கொண்டு போனார். செயலாளர் வலதுகையைத் தூக்கித் தடுத்தார். வெட்டு முழங்கைக்குக் கீழே இறங்கியது. அவர் சாலையோரச் சாக்கடை அருகே விழுந்ததும் அக்கா கடையிலிருந்து ஓடிப்போய் அவர்மேல் கவிழ்ந்தாள். இரண்டாவது வெட்டு அவள் தோளில் விழுந்தது. தங்கையை வெட்டிவிட்டோம் என்று தெரிந்து இளையவர் ஒரு கணம் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இருவரும் லாரியில் ஏறிப் போனார்கள். ஜங்ஷன் நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள்.

ரசிகர்களுக்குள் தகராறு என்று போலீஸ் எழுதியது. பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அப்படிச் சொல்வது அவர்களுக்கு எளிதாகவும் இருந்தது. முந்தின நாள் தியேட்டரில் அடிபிடி நடந்திருக்கிறது, வெட்டுப்பட்டவர் மன்றச் செயலாளர், வேறு என்ன வேண்டும்? ஆஸ்பத்திரியில் அக்காவிடம் வாக்குமூலம் வாங்க வந்த இன்ஸ்பெக்டரும் பாதி எழுதிய தாளோடுதான் வந்தார். “வெட்டினது எனக்க அண்ணம்மாரு. மன்றத்துக்கு இதுல ஒரு பங்கும் இல்ல. அப்பிடியே எழுதுங்க” என்று உடைந்த வாயால் அக்கா சொன்னாள். அந்த மன்றத்துக்காரனுக்கும் உனக்கும் என்ன என்று அவர் கேட்டார். அவள் சொன்னதையே திரும்பச் சொன்னாள். அவளுடைய அம்மா வந்து, வழக்கை விட்டுவிடச் சொல்லிக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். போதகர் வந்து மன்னிப்பைப் பற்றிப் பேசினார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பார்த்ததை நானும் சொன்னேன். அதற்காக என் அப்பா என்னைச் சில மாதங்கள் வீட்டைவிட்டு வெளியே விடவில்லை.

வழக்கு நெய்யாற்றின்கரையில் நடந்தது. அண்ணன்களின் வக்கீல் வெட்டைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் சினிமாவைப் பற்றி. எத்தனை முறை பார்ப்பாய், யாரோடு போவாய், விசில் அடிப்பாயா என்று மலையாளத்தில் அடுக்கிக்கொண்டே போனார். நீதிமன்றத்தில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில், அந்த நடிகனிடம் உனக்கு என்னதான் பிடிக்கும் என்று கேட்டார். அக்கா தமிழில் சொன்னாள்.

“சண்டையாக்கும் பிடிக்கும்.”

வாய்விட்டே சிரித்தார்கள். பெண்ணுக்குச் சண்டையில் என்ன இருக்கிறது என்றார் வக்கீல், அவரும் சிரித்துக்கொண்டே. அக்கா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்க அப்பா அம்மைய அடிக்கது கண்டு வளந்தேன். அண்ணம்மாரு என்னை அடிச்சாவ. அடிச்சவனுக்குத் திரும்பக் கிட்டினத நான் தியேட்டர்ல மட்டுந்தான் கண்டிருக்கேன். இங்கயும் அதைக் காணத்தான் வந்தேன்.”

சிரிப்பு நின்றது. இது எழுதத் தேவையா என்பதுபோல் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். எழுதுங்கள் என்றார் நீதிபதி.

அண்ணன்கள் இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள். அம்மா சாகும்வரை அக்காவோடு பேசவில்லை. சபையில் அவள் உட்காரும் பெஞ்சில் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். அவள் அகலமாக உட்கார்ந்துகொண்டாள். செயலாளரின் விரல்கள் பிறகு மடங்கவில்லை. ரப்பர் வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியாமல், ரப்பர் ஷீட் வாங்கும் கடை ஒன்றில் எடை போடும் வேலைக்குப் போனார். அவர்கள் இருவரும் கட்டிக்கொள்வார்கள் என்று ஊர் காத்திருந்தது. அவர் ஆரியங்கோட்டில் பெண் பார்த்துக் கட்டினார். மணப்பெண்ணுக்கு பிளவுஸ் தைத்தது அக்காதான். அப்போதும் ஊர் நம்பவில்லை, பார்வைக்கு ஒருத்தி வேண்டுமென்று கட்டியிருக்கிறான் என்றது. அக்காவும் அவரும் கடைசிவரை சேர்ந்து பேசியதெல்லாம் படங்களைப் பற்றித்தான்.

நான் பிற்பாடு தபாலில் படித்து, ஒரு நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்கா இப்போது என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறாள். தோள் தூக்க வராததால் தைப்பதில்லை. என் மகள் கால்பந்துப் பைத்தியம். உலகக் கோப்பை வந்தால் எங்கள் பக்கமெல்லாம் தெருவுக்குத் தெரு பிளெக்ஸ் எழும்பும். போனமுறை அவளும் தோழிகளும் சேர்ந்து தங்கள் அணிக்கு ஒன்று வைத்தார்கள். ஒரு சாயங்காலம் அவள் முகம் சிவக்க வீட்டுக்கு வந்தாள். பிளெக்ஸுக்குக் கீழே நின்ற ஒரு பையன், ஆட்டக்காரர்களின் அழகைப் பார்க்கத்தானே நீங்களெல்லாம் பார்க்கிறீர்கள், ஆஃப்சைடு என்றால் என்னவென்று சொல் பார்ப்போம் என்றானாம். சொல்லியிருக்கிறாள். கேட்காததுபோல் அவள் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான். “ஒண்ணு குடுத்தேன், மூக்குல ரத்தம் வந்தாச்சு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. எங்களோடு டீ குடித்துக்கொண்டிருந்த அக்கா சந்தோஷப்படுவாள் என்று நினைத்து அவள் பக்கம் திரும்பினேன். அவள் கையிலிருந்த டீ கிளாஸைத் தரையில் வைத்தாள்.

“மக்கா, ஆரெல்லாம் கண்டாவ?” என்று கேட்டாள். “அவனுக்கு அண்ணம்மாரு உண்டா?”

தெரியாது என்றாள் மகள், சிரிப்பு மாறாமல். அக்கா எழுந்து போய் எங்கள் வாசல் கேட்டைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கேட்டின் கம்பியைப் பிடித்தபடி, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு, இருட்டும்வரை அங்கேயே நின்றாள். நான் இரண்டு முறை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.