மலைக்கோட்டை ஓவியத்தின் முன்னால்

அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளின் வகுப்பை மியூசியத்துக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். ஒரு சுவரில், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஒருவர் வாட்டர்கலரில் வரைந்த திருச்சி தொங்கியது. நான் பிறந்து வளர்ந்த ஊர்! மலைக்கோட்டை, கீழே தெப்பக்குளம், கரையில் குடத்தோடு பெண்கள்.

சுற்றிக்காட்டிய அமெரிக்கப் பெண்மணி பிள்ளைகளிடம், "இந்த ஆட்கள் முக்கியமில்லை. மலை எவ்வளவு பெரிசுன்னு காட்டத்தான் வரைஞ்சிருக்கார்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவங்க அளவுகோல் இல்லை. தண்ணி எடுக்க வந்த மனுஷங்க. அது என் ஊர்!" என்று ஆங்கிலத்தில் சத்தமாகவே சொன்னேன்.

அவர் சிரித்தபடி, "படத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

பக்கத்தில் நின்ற சிறுமி என் மகளிடம், "உன் ஊரா?" என்று கேட்டாள்.

"நோ, மை மாம்ஸ் டவுன்" என்றாள் மகள், தரையைப் பார்த்துக்கொண்டே.

திரும்பும்போது பஸ்ஸில், "அம்மா, ஆர் யூ மேட் அட் மீ?" என்றாள்.

"உன் மேல இல்லடா."

பொய். அவள் மேலும்தான் கோபம். அவள் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் அந்தக் கோபத்தை இன்றுவரை ஆறவிடவில்லை.